ஈரைப் பேனாக்கி, பேனைச் சாதியாக்கி

எங்க ஊர்த் தொடக்கப்பள்ளியில் கடைசி வரிசைக்குப் 'பேன் பெஞ்சு' என்று பேர். பெஞ்சு என்று ஒன்றும் கிடையாது, வெறும் தரைதான். நாலாம் வகுப்பு படிக்கும்போது ஒரு திங்கட்கிழமை காலையில் டீச்சர் காலனிப் பிள்ளைகளை மட்டும் எழுந்து நிற்கச் சொல்லி, பென்சிலால் எங்கள் தலையைக் கிளறிப் பார்த்தார். கை படவில்லை. பென்சில் போதும். ஊர்த்தெருப் பிள்ளைகள் உட்கார்ந்த இடத்திலிருந்து வேடிக்கை பார்த்தார்கள்.

எனக்குப் பேன் இருந்தது. ஏன் பொய் சொல்லணும்? என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஊர்த்தெருப் பெண்ணுக்கும் இருந்தது. இரண்டு பேரும் ஒரே சிலேட்டில் குனிந்து கோழி, வாத்து என்று வரைந்துகொண்டிருப்போம். அவள் தலையிலிருந்து எனக்கு வந்ததா, என் தலையிலிருந்து அவளுக்குப் போனதா என்று யாருக்குத் தெரியும்? அவள் இருந்த இடத்திலேயே இருந்தாள். நான் கடைசி வரிசைக்குப் போனேன். அந்த வருஷம் முழுக்க அங்கேதான் படிச்சேன்.

அன்றைக்குச் சாயந்திரம் எங்கம்மா ரேஷன் சீமெண்ணெயை என் தலையில் ஊற்றி, பழைய சீலைத்துணியால் இறுக்கிக் கட்டி, "அடுப்பாண்ட போவாத" என்று திண்ணையில் உட்கார வைத்தது. மண்டை காந்தியது. கழுவுவதற்கு இரண்டு குடம் தண்ணி வேணும். தெருக்குழாயில் அன்றைக்குத் தண்ணி வரவில்லை. அழுதுகொண்டே நடந்ததைச் சொன்னேன். அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னது: "அவுங்க புள்ளைக்கு இருந்தா அது பேனு. நம்ம புள்ளைக்கு இருந்தா அது சாதி."

பேனுக்கு என்ன வரலாறு இருக்க முடியும் என்று கேட்கலாம். பேனுக்கு இல்லை, தலைக்கு இருக்கிறது. எந்தத் தலையைத் தொடலாம், எதைப் பென்சிலால் கிளறலாம், எதன்மேல் எண்ணெயை ஊற்றலாம், எதை மழிக்கலாம் என்று பள்ளிக்கூடங்களும் சர்க்கார்களும் முடிவு செய்து வந்திருக்கின்றன. அதைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறேன்.

முதலில் பேனைப் பற்றிக் கொஞ்சம். தெரிந்ததுபோல நாம் நினைத்துக்கொண்டிருப்பதில் பாதி தப்பு. தலைப்பேன் எள்ளளவு பூச்சி, இரண்டு மூன்று மில்லிமீட்டர். ஆறு கால், ஒவ்வொரு கால் நுனியிலும் மயிரைக் கவ்வுகிற கொக்கி. இறக்கை இல்லை, பறக்காது. தெள்ளுப்பூச்சி மாதிரித் தாவவும் தெரியாது. மயிருக்கு மயிர் நடந்துதான் போகும். ஆகவே ஒரு தலையிலிருந்து இன்னொரு தலைக்குப் போக இரண்டு தலையும் ஒட்ட வேண்டும். சீப்பு, துண்டு, தலையணை வழியாகப் போவது அபூர்வம். தலையைவிட்டு விழுந்த பேன் இரத்தம் கிடைக்காமல் ஒன்றிரண்டு நாளில் செத்துப்போகும். பெண் பேன் ஒரு நாளைக்கு ஏழெட்டு ஈர் வரைக்கும் வைக்கும். மண்டைத்தோலை ஒட்டி, மயிரோடு பசை போட்டதுபோல. ஏழிலிருந்து பத்து நாளில் பொரிக்கும். பொரித்தது இன்னும் ஒன்பது பத்து நாளில் வளர்ந்து தானும் ஈர் வைக்கத் தொடங்கும்.

சுத்தமான தலை, அழுக்குத் தலை என்ற பேதம் அதுக்குக் கிடையாது. தினம் தலைமுழுகுகிற வீட்டிலும் இருக்கும். தண்ணீர் ஊற்றும்போது மயிரை இறுகப் பிடித்துக்கொண்டு கிடக்கும், அவ்வளவுதான். அது நோயையும் பரப்புவதில்லை. அரிக்கும், தூக்கம் கெடும், சொறிந்த இடம் புண்ணாகிச் சீழ் வைக்கும். அதுவே ஒரு பிள்ளைக்குப் போதுமான துன்பம். ஆனால் கொள்ளைநோய் இல்லை. கொள்ளைநோய் பரப்புவது துணி மடிப்பில் வாழ்கிற சீலைப்பேன். டைபஸ் காய்ச்சல் (டைபாய்டு வேறு, இது வேறு) சீலைப்பேனால்தான் பரவுகிறது என்று 1909-ல் துனிஸ் நகரத்தில் சார்ல் நிக்கோல் என்ற பிரெஞ்சு மருத்துவர் கண்டுபிடித்தார். 1928-ல் அதற்காக நோபல் பரிசும் வாங்கினார். மாற்றுத்துணி இல்லாத இடத்தில், சிறையில், அகதி முகாமில், போர்க்களத்தில் பெருகுவது அந்தப் பேன். அதன் பயத்தை எடுத்து இதன் தலையில் கட்டினார்கள்.

தலையோடு தலை ஒட்டினால்தான் பேன் ஏறும் என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 'காலனிப் பிள்ளைகளால் எங்கள் பிள்ளைகளுக்குப் பேன் ஒட்டுகிறது' என்று ஒருவர் பள்ளிக்கூடத்துக்கு வந்து சண்டை போடுகிறார் என்றால், தன்னையறியாமல் இன்னொரு சேதியையும் சொல்கிறார். பிள்ளைகளின் தலைகள் ஒட்டியிருக்கின்றன. ஒரே சிலேட்டில் குனிந்திருக்கிறார்கள், கட்டிப் பிடித்து உருண்டிருக்கிறார்கள், காதில் ரகசியம் பேசியிருக்கிறார்கள். பெரியவர்கள் கட்டிக்காத்த தீண்டாமை பிள்ளைகளிடம் அரை நாளில் தோற்றுப்போயிருக்கிறது. அந்தத் தொடுதலுக்குப் பேன் சாட்சி. கடைசி வரிசை என்பது பேனுக்குக் கொடுத்த தண்டனை அல்ல, சாட்சியை மறைக்கிற வேலை.

அம்பேத்கர் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற தன் நினைவுக்குறிப்பில் சாத்தாராவில் பள்ளிக்கூடம் போன நாட்களைச் சொல்லியிருக்கிறார். 1930-களில் எழுதி வைத்து, 1990-ல்தான் புத்தகமாக வந்தது. வகுப்பில் தனியாக ஒரு சாக்கு விரித்து உட்கார வேண்டும். அந்தச் சாக்கைப் பள்ளிக்கூட வேலைக்காரர் தொடமாட்டார், ஆகவே தினமும் வீட்டுக்குச் சுமந்துபோய் மறுநாள் சுமந்துவர வேண்டும். தாகமெடுத்தால் பியூன் வந்து குழாயைத் திறக்க வேண்டும். பியூன் இல்லாவிட்டால் தண்ணீர் இல்லை. இது எல்லோரும் மேற்கோள் காட்டுகிற இடம். அதற்கு அடுத்தாற்போல அவர் சொல்லியிருப்பதை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. ஊரில் வண்ணார்கள் இருந்தார்கள், நாவிதர்கள் இருந்தார்கள். கூலி கொடுக்கக் குடும்பத்திடம் காசும் இருந்தது. ஆனால் தீண்டத்தகாதவரின் துணியை வண்ணார் வெளுக்கமாட்டார், தலையை நாவிதர் தொடமாட்டார். தம்பிகளுக்கு முடி வெட்டி வெட்டியே அக்கா கைதேர்ந்த நாவிதர் ஆகிவிட்டார்.

அதாவது வறுமையால் அல்ல. கையில் காசு வைத்திருந்த ஒரு ராணுவ சுபேதார் வீட்டுப் பிள்ளைக்கு முடிவெட்டக் கத்தரிக்கோல் மறுக்கப்பட்டது. இந்த மறுப்பை அவருக்கு முன்னாலேயே நம் பக்கத்தில் அயோத்திதாசப் பண்டிதர் கண்டுபிடித்துச் சொல்லியிருக்கிறார். நல்ல தண்ணீர் எடுக்கவிடாமல், வண்ணாரைத் துணி எடுக்கவிடாமல், நாவிதரைச் சவரம் செய்யவிடாமல் தடுத்துவிட்டு, பிறகு அழுக்கர்கள் என்று பேர் வைத்தார்கள் என்பது அவர் வாதம். அழுக்கு காரணம் அல்ல, விளைவு. அதுவும் திட்டமிட்டு உண்டாக்கிய விளைவு. 1927-ல் மகாடு குளத்தில் தலித்துகள் தண்ணீர் குடித்ததும் சாதி இந்துக்கள் நூற்றியெட்டுக் குடம் சாணம், கோமியம், பால், தயிர் என்று ஊற்றிக் குளத்தைச் 'சுத்தம்' செய்தார்கள். எது சுத்தம் என்ற கேள்விக்கு அதற்குமேல் பதில் வேண்டியதில்லை.

இங்கே நாம் நம்மையும் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டுச் சேரிகளில் நமக்குத் துணி வெளுத்ததும் முடி வெட்டியதும் புதிரை வண்ணார்கள். ஊர் நமக்குச் செய்ததை நாம் அவர்களுக்குச் செய்தோம். வாசலுக்கு வெளியே நிற்க வைத்துச் சோறு போட்டோம். இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' 1994-ல் வந்தபோது நம்மில் சிலருக்குக் கோபம் வந்தது. கோபப்பட்டவர்கள் எத்தனை பேர் தங்கள் தெருவின் புதிரை வண்ணார் வீட்டுப் பிள்ளையின் தலையைத் தொட்டுப் பேன் பார்த்திருப்பார்கள்? எங்க வீட்டில் பார்த்ததில்லை.

சீமெண்ணெய் எங்கம்மா கண்டுபிடித்த வைத்தியம் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அது உலகம் முழுக்க ஏழைத் தலைகளுக்கென்று ஒதுக்கப்பட்ட மருந்து என்பது பிறகுதான் தெரிந்தது.

அமெரிக்காவில் பூர்வகுடிப் பிள்ளைகளை 'நாகரிகப்படுத்த' 1879-ல் பென்சில்வேனியாவில் கார்லைல் பள்ளிக்கூடத்தை ரிச்சர்ட் ஹென்றி பிராட் என்ற ராணுவ அதிகாரி தொடங்கினார். பிள்ளைகள் வந்து இறங்கியதும் முதல் வேலை முடியை வெட்டுவது. இந்த மாதிரியில் நாடெங்கும் பள்ளிகள் வந்தன. யாங்க்டன் டகோட்டா இனத்தைச் சேர்ந்த சித்கலா-ஷா எட்டு வயதில், 1884-ல், இந்தியானா மாநிலத்தில் அப்படியொரு பள்ளிக்கூடத்துக்குப் போனார். பின்னாளில் எழுத்தாளர் ஆகி, 1900-ல் அதை எழுதினார். முடி வெட்டப்போகிறார்கள் என்று தெரிந்ததும் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டார். இழுத்து வந்து நாற்காலியில் கட்டிப்போட்டுச் சடையை அறுத்தார்கள். அவருடைய சனங்களிடையே முடி குறைப்பது துக்கம் காப்பவர்கள், மயிரை ஒட்ட வெட்டப்படுவது கோழைகள். நம்ம ஊரிலும் ஒருவரை அவமானப்படுத்த வேண்டுமென்றால் மொட்டையடித்துத்தானே ஊரைச் சுற்றி அழைத்து வருவார்கள். கனடாவிலும் இதே பள்ளிகள், தேவாலயங்களின் கையில். அங்கே படித்து உயிரோடு வெளிவந்தவர்கள் உண்மை அறியும் ஆணையத்தின் முன்னால் சாட்சி சொன்னார்கள். ஆணையத்தின் அறிக்கை 2015-ல் முடிந்தது. தலையில் மண்ணெண்ணெய் ஊற்றினார்கள், டி.டி.டி. தூளைக் கொட்டினார்கள் என்று வயசானவர்கள் அதில் நினைவுகூர்கிறார்கள். பேன் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஊற்றவில்லை. யார் பிள்ளை என்று பார்த்து ஊற்றினார்கள்.

பெரியவர்களையும் விடவில்லை. மெக்சிகோவின் ஹுவாரஸ் நகரத்திலிருந்து பாலம் தாண்டி அமெரிக்காவின் எல் பாசோ நகரத்துக்கு வீட்டுவேலைக்குப் போகிற பெண்களை 1917-ல் துணியைக் கழற்றிக் குளிக்கவைத்துச் சோதித்தார்கள். பேன் கண்டால் ஆணுக்கு மொட்டை, பெண்ணுக்கு மண்ணெண்ணெயும் வினிகரும். அதற்கு முந்திய வருஷம்தான் எல் பாசோ சிறையில் பேன் ஒழிக்கப் பெட்ரோலில் குளிக்கவைத்தபோது தீப்பிடித்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் வெந்து செத்திருந்தார்கள். 1917 ஜனவரி 28-ந் தேதி கார்மெலிட்டா டோரஸ் என்ற பதினேழு வயசுப் பெண் டிராமைவிட்டு இறங்கி, குளிக்க முடியாது என்றாள். கூட வந்தவர்களையும் சேர்த்துக்கொண்டாள். மத்தியானத்துக்குள் ஆயிரக்கணக்கான பேர், பெரும்பாலும் பெண்கள், டிராம் போகாமல் பாலத்தை மறித்தார்கள். அமெரிக்க வீடுகளைப் பெருக்கி, பாத்திரம் கழுவி, அந்த வீட்டுப் பிள்ளைகளைக் குளிப்பாட்டுகிற கைகள் அவை. அந்தக் கைகளுக்குச் சொந்தமான தலைகள் மட்டும் அசுத்தம். கலகத்தை அடக்கிவிட்டார்கள். குளியல் பல பத்தாண்டு நீடித்தது. ஒப்பந்தக் கூலிகளாகப் போன மெக்சிகோ ஆண்களை வரிசையாக நிறுத்தி முகத்தில் டி.டி.டி. தூவுவதை லியனார்ட் நாடெல் 1956-ல் எடுத்த புகைப்படம் இருக்கிறது. நடவாளை எண்ணி ஏற்றுகிற லாரி மாதிரி இருக்கும்.

இந்தப் புத்தி எங்கே போய் முடியும் என்பதற்கும் சாட்சி உண்டு. 1941-ல் ஜெர்மானியர் பிடித்து வைத்திருந்த போலந்தில் யூதர், பேன், டைபஸ் மூன்றையும் ஒரே வரியில் கோத்துச் சுவரொட்டி ஒட்டினார்கள். துணியிலிருந்த பேனைக் கொல்லப் பயன்பட்ட சைக்ளான்-பி என்ற அதே விஷம் அந்த வருஷமே ஆஷ்விட்சில் மனிதர்கள்மேல் திருப்பப்பட்டது.

பிள்ளைகளுக்கு வருவோம். பேன் சோதனையைச் சட்டமாக்கிப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுவந்தவர்கள் நம்மை ஆண்ட வெள்ளைக்காரர்கள்தான், ஆனால் அதைத் தங்கள் ஊர் ஏழைகளிடம் செய்தார்கள். 1907-ல் இங்கிலாந்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவச் சோதனை கட்டாயம் என்று சட்டம் வந்தது. நல்ல சட்டம்தான். பல்லும் கண்ணும் காதும் பார்த்தார்கள். நர்சு வந்து தலையைப் பார்ப்பாள், பிள்ளைகள் அவளுக்கு 'நிட்டி நோரா' என்று பட்டப்பேர் வைத்தார்கள். நிட் என்றால் ஈர். 1908-ல் வந்த சிறுவர் சட்டம் இன்னும் ஒரு படி போனது. பேன் பிடித்த பிள்ளையைச் சுத்தம் செய்யச் சொல்லி வீட்டுக்கு நோட்டீஸ் வரும். செய்யாவிட்டால் அவர்களே கொண்டுபோய்ச் சுத்தம் செய்வார்கள். திரும்பவும் பேன் வந்தால் பெற்றவர்களுக்கு அபராதம். ஒரு குழாயைப் பல குடும்பம் பங்குபோட்ட, வெந்நீருக்குக் கரி வாங்கக் காசில்லாத தொழிலாளர் தெருக்களில் இந்தச் சட்டம் என்ன செய்திருக்கும்? சோதனைக்கு முந்தின ராத்திரி தாய்மார் உட்கார்ந்து பிள்ளை தலையைச் சீவித் தள்ளினார்கள். பள்ளிக்கூடக் கணக்கில் பேன் வருஷத்துக்கு வருஷம் குறைந்தது.

1939 செப்டம்பர் 1-ந் தேதி குண்டுவீச்சுக்குப் பயந்து நகரத்துப் பிள்ளைகளை ரயிலேற்றிக் கிராமங்களுக்கு அனுப்பத் தொடங்கினார்கள். பிள்ளைகள், கைக்குழந்தைக்காரிகள் என்று சில நாளில் ஏறக்குறைய பதினைந்து லட்சம் பேர். கோடை விடுமுறை முடிகிற சமயம். ஆகவே நிட்டி நோரா வந்து பல வாரம் ஆகியிருந்தது. பங்களாவிலும் பண்ணை வீட்டிலும் போய் இறங்கிய பிள்ளைகளைப் பார்த்து நாடே கூச்சல் போட்டது. பேன், சிரங்கு, படுக்கையில் மூத்திரம். தாய்மார் சோம்பேறிகள், ஒழுக்கம் கெட்டவர்கள் என்று பேசினார்கள். இந்தக் கூச்சல் எவ்வளவு உண்மை என்று பார்க்க கென்னத் மெலன்பி என்ற பூச்சியியலாளர் புத்திசாலித்தனமான ஒரு வழி கண்டுபிடித்தார். பள்ளிக்கூடக் கணக்கை விட்டுவிட்டு, தொற்றுநோய் ஆஸ்பத்திரிகளில் சேர்ந்த பிள்ளைகளின் சேர்க்கைப் பதிவேட்டை எடுத்தார். திடீரென்று ஜுரம் வந்து ஆஸ்பத்திரிக்குப் போகும் பிள்ளையின் தலையை யாரும் முந்தின ராத்திரி சீவி அனுப்பமாட்டார்கள் அல்லவா? சில தொழில் நகரங்களில் சிறுமிகளில் பாதிப்பேருக்குப் பேன் இருந்தது. யுத்தத்துக்கு முந்தைய பதிவேடு அது. 1941-ல் அவர் இதை வெளியிட்டார். முப்பது வருஷச் சோதனையும் அபராதமும் பேனைக் குறைக்கவில்லை, கணக்கைத்தான் குறைத்திருந்தது. தண்டனைக்குப் பயந்தவர்கள் ஒளித்தார்கள். ஒளித்த இடத்தில் பேன் பெருகியது.

மருந்து வந்ததும் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நினைத்தார்கள். டி.டி.டி. பூச்சியைக் கொல்லும் என்று பால் முல்லர் 1939-ல் கண்டார். 1943-44 குளிர்காலத்தில் நேப்பிள்ஸ் நகரில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள்மேல் அதைத் தூவி டைபஸை நிறுத்தினார்கள். அது பெரிய காரியம், மறுக்கவில்லை. ஆனால் 1951-லேயே கொரியாவில் டி.டி.டி.க்குச் சாகாத சீலைப்பேன் வந்துவிட்டது. அதற்குப் பிறகு வந்தவற்றுக்கும் இதே கதிதான். இப்போது கடையில் விற்கிற பெர்மெத்ரினுக்கும் பல நாட்டுத் தலைப்பேன்கள் பழகிவிட்டன. லிண்டேன் கதை தனி. 2009-ல் உலகநாடுகள் கூடி அதை ஒழிக்க வேண்டிய நஞ்சுகளின் பட்டியலில் சேர்த்தபோது, பேனுக்கும் சொறிக்கும் மட்டும் விலக்கு கொடுத்தார்கள். வயலுக்கு ஆகாது, பிள்ளை தலைக்கு ஆகும்.

ஈர் இருந்தால் பள்ளிக்கூடத்துக்கு வராதே என்ற விதியை அமெரிக்கப் பள்ளிகள் ரொம்ப காலம் வைத்திருந்தன. பேனாலோ ஈராலோ ஒரு பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தக்கூடாது என்று அந்த நாட்டுக் குழந்தை மருத்துவர்களின் சங்கமே திரும்பத் திரும்பச் சொல்லி, 2022 அறிக்கையிலும் அழுத்திச் சொன்னது. காரணம் எளிது. மயிர் மாசத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளரும். மண்டையைவிட்டு அதற்குமேல் தள்ளி ஒட்டியிருக்கிற ஈர் பொரித்து முடிந்த வெறும் கூடு. பேன் கண்ணில் படும்போது அது வந்து ஒரு மாசம் ஆகியிருக்கும். ஒரு மாசம் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு இன்றைக்குக் கடைசி வரிசைக்குத் துரத்தி என்ன லாபம்? என் டீச்சருக்கு இது தெரிந்திருந்தாலும் பென்சிலைக் கீழே வைத்திருப்பாரா என்பது வேறு விஷயம்.

ஏழாம் வகுப்பில் நான் ஆதிதிராவிடர் நல விடுதிக்குப் போனேன். எந்த ஊர் என்பது இப்போது வேண்டாம். அங்கே ஒரு சனிக்கிழமை வார்டன் கத்தரிக்கோலோடு வந்து, பேன் இருந்த பிள்ளைகள், இல்லாத பிள்ளைகள் என்று பாராமல் எல்லோர் சடையையும் காதுவரை வெட்டினார். ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கி. வெட்டிய முடி மூலையில் குவிந்து கிடந்ததைப் பார்த்து ஒரு சின்னப் பெண் தன்னுடைய சிவப்பு ரிப்பனை மட்டும் தேடி எடுத்துக்கொண்டாள். பொங்கல் லீவுக்கு வீட்டுக்குப் போனபோது அம்மா வாசலிலேயே உட்கார்ந்துவிட்டது. யாராவது செத்துட்டாங்களா என்று கேட்டது.

இப்போது வேறொரு மாணவியர் விடுதிக்கு நானும் இரண்டு தோழிகளும் போய்வருகிறோம். ஒரே பாயில் மூன்று பேர் தலை சேர்த்துப் படுக்கிற இடத்தில் பேன் இல்லாமல் எப்படி இருக்கும்? முதல் நாள் போனபோது ஒரு பிள்ளை வீட்டிலிருந்து சீத்தாப்பழக் கொட்டையை அரைத்து எடுத்து வந்திருந்தாள். பாட்டி வைத்தியம், பேன் சாகத்தான் செய்யும். ஆனால் தூள் கண்ணில் பட்டால் கருவிழி புண்ணாகிவிடும். அதை வாங்கி வைத்தோம். சீமெண்ணெய் வேண்டாம், வயலுக்கு அடிக்கிற மருந்து வேண்டவே வேண்டாம் என்று ஒவ்வொரு பிள்ளையிடமும் சொன்னோம். அந்த மருந்து மண்டைத்தோல் வழியாக உடம்புக்குள் போகும்.

செய்வது இதுதான். தலையை நனைத்து, தேங்காயெண்ணெய் தாராளமாகத் தடவி, பல் நெருக்கமான பேன் சீப்பால் மண்டைத்தோலிலிருந்து நுனிவரை பாகம் பாகமாகச் சீவுகிறோம். ஒவ்வொரு தடவையும் சீப்பை வெள்ளைத்துணியில் துடைத்துப் பார்க்கிறோம். மூன்று நாலு நாளுக்கு ஒரு முறை, இரண்டு மூன்று வாரம் விடாமல். ஈர் பொரித்து வெளிவருகிற குஞ்சு தாயாவதற்குள் பிடித்துவிட வேண்டும், கணக்கு அவ்வளவுதான். எல்லோருக்கும் ஒரே நாளில். ஒரு தலையை விட்டால் பிரயோஜனமில்லை. இங்கிலாந்தில் ஈரத்தலையைச் சீவுவதையும் கடை மருந்தையும் ஒப்பிட்டு 2005-ல் ஒரு ஆய்வு வந்தது. சீவியவர்களில் நூற்றுக்கு 57 பேருக்குப் பேன் போயிற்று, மருந்து போட்டவர்களில் 13 பேருக்குத்தான். அதற்கு முன்னால் வந்த இன்னொரு ஆய்வில் மருந்துதான் ஜெயித்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். ரொம்பப் பெருகிய தலைக்கு டாக்டரிடம் கேட்டுப் பெர்மெத்ரின் போட்டு, ஒன்பதாம் நாள் திரும்பப் போடுகிறோம். ஈரை அது முழுக்கக் கொல்லாது என்பதால் இரண்டாம் தடவை கட்டாயம்.

எங்கம்மாவுக்கு இது தெரியாமல் இல்லை. பேன் பார்ப்பது நம்ம தெருவில் மருத்துவம் இல்லை, பேச்சு. மடியில் தலையைச் சாய்த்துக்கொண்டு, நகத்தில் வைத்து நசுக்கிக்கொண்டு, ஊர்க்கதை அத்தனையும் அப்போதுதான் வரும். ஆனால் அதற்கு ஒரு மத்தியானம் வேண்டும், வெளிச்சம் வேண்டும், அலசத் தண்ணி வேண்டும். விடிகாலையில் களையெடுக்கப் போய் இருட்டின பிறகு வருகிறவளிடம் அதில் எது இருந்தது? சீமெண்ணெய்க்குக் கால்மணி நேரம் போதும்.

போன மாசம் ஒன்பதாவது படிக்கிற பெண் ஒருத்தி, "அக்கா, உங்களுக்கு யாரு பாப்பாங்க?" என்று என்னைத் திரும்பி உட்காரச் சொன்னாள். சீப்பைத் துணியில் துடைத்துவிட்டு, "உங்க தலையிலயும் ரெண்டு இருக்குது" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். வார்டனம்மாவும் அன்றைக்குத் தலையைக் கொடுத்தார்.

சீப்பு நன்கொடையில் வாங்கிவிட்டோம். அந்த விடுதியில் குளிக்கிற இடத்தில் வேலை செய்கிற குழாய் இரண்டுதான் இருக்கிறது. இன்னும் நாலு குழாய் கேட்டுப் பிள்ளைகள் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்து ஐந்து மாசம் ஆகிறது. போன ஞாயிற்றுக்கிழமை பக்கத்து நிலத்துப் பம்புசெட்டில் வரிசையாக உட்கார வைத்துத்தான் தலை அலசிவிட்டோம். நிலத்துக்காரர் முதலில் முறைத்தார், பிறகு மோட்டாரை நிறுத்தவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நிறுத்தாமல் இருப்பாரா தெரியவில்லை. மனுவின் நகலை எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை திரும்பவும் ஆபீசுக்குப் போகிறோம்.